அந்த வெப்.எக்ஸ்எம்எல்லை யார் எழுதியது?

"நீயே எழுதியிருந்தாலும் எங்கேயாவது பார்த்து காப்பிதான் அடிச்சிருப்ப" என்று டீமுக்குப் புதிதாக வந்த ஒரு பையனிடம் நான் சொன்னது சரியா இல்லையா என்று இன்னும் முடிவு கட்ட முடியவில்லை. கோபத்தில் சொன்னதில்லை, கிண்டலும் இல்லை, உண்மை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

விஷயம் சின்னது. சர்வ்லெட்டும் (சர்வரில் ஓடுகிற ஜாவா கோடு) ஜேஎஸ்பியுமாக (அது கொடுக்கிற மதிப்புகளைக் காட்டுகிற பக்கம்) ஒரு சாதாரண வெப் அப்ளிகேஷன். அந்தப் பையன், என்னென்ன லைப்ரரி வேண்டும் என்று சொல்கிற பாம் ஃபைலில் தொடங்கி எல்லாவற்றையும் கையாலேயே எழுதிப் பார்க்கிறேன் என்றான். நான்தான் வேண்டாம், மேவன் ஆர்க்கிடைப் என்று ஆரம்ப ஃபைல்களைத் தானாக உருவாக்கித் தருகிற ஜெனரேட்டர் இருக்கிறது, ஒரு கமாண்டில் வந்துவிடும், மிச்ச நேரத்தை லாஜிக்கில் போடு என்றேன். வந்தது. ஜாவா கோடு வைக்கிற ஃபோல்டர் மட்டும் அதில் இருக்காது, நாமே உருவாக்க வேண்டும். ஜாவா ப்ராஜெக்டுக்கு இது ஒரு தமாஷ்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற குறை என்பதால் யாரும் அதில் மாட்டுவதில்லை.

மாட்டியது வேறிடத்தில். பெயர் வர வேண்டிய இடத்தில் டாலர் குறி, நெளிவு அடைப்பு, உள்ளே வேரியபிள் என்று எழுதியது எழுதியபடியே பக்கத்தில் நின்றது. எரர் கிடையாது, லாகில் ஒரு வரி கிடையாது. டாம்கேட் சர்வரை மாற்றினான், சர்வ்லெட்டில் வரிக்கு வரி பிரிண்ட் போட்டான், மதிப்பு சரியாகத்தான் இருந்தது. கடைசியில் என்னிடம் வந்தான். நான் ஜேஎஸ்பியைத் திறக்கக்கூட இல்லை, அப்ளிகேஷனின் அமைப்புகளைச் சர்வருக்குச் சொல்கிற வெப்.எக்ஸ்எம்எல் ஃபைலின் தலைப்பு வரியைக் காட்டினேன். ஜெனரேட்டர் அங்கே சர்வ்லெட் 2.3 என்று போட்டிருந்தது, 2001ல் வந்த பதிப்பு. அந்த டாலர் எழுத்துமுறை 2003ல் ஜேஎஸ்பி 2.0 வந்த பிறகுதான் சர்வரே புரிந்துகொள்கிற வசதியானது. பழைய பக்கங்களில் அதே குறிகள் வேறு எதற்காகவாவது இருந்து உடைந்துவிடக் கூடாதே என்று, 2.3 என்று அறிவித்த அப்ளிகேஷனில் அதை வெறும் எழுத்தாகவே விட வேண்டும் என்பது விதி. சர்வர் விதிப்படிதான் நடந்திருக்கிறது. தலைப்பை மாற்றினோம், பெயர் வந்தது.

அப்போதுதான் கேட்டான்: "அண்ணா, நானே எழுதியிருந்தா இந்த வரி ஏன் இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்ல?" நான் அந்தப் பதிலைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தத் தலைப்பை யாரும் மனப்பாடமாக எழுதுவதில்லை, பழைய ப்ராஜெக்டிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள், அதிலும் 2.3 இருந்திருக்கலாம். எனக்கே இது தெரிந்தது கையால் எழுதிப் பழகியதால் இல்லை, முன்பு ஒரு தடவை இதிலேயே மாட்டியதால். சரி, ஆனால் ஒட்டுகிறவனுக்கு ஒட்டிய இடம் ஞாபகம் இருக்கும், ஏதாவது ஓடவில்லை என்றால் சந்தேகம் அங்கேயும் போகும். இவன் தேடியதெல்லாம் தான் எழுதிய கோடில் மட்டும்தான். ஜெனரேட்டர் கொடுத்த ஃபைலை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. திறந்து படி என்று நானும் சொல்லவில்லை, யார்தான் சொல்கிறார்கள்?

எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றால் அப்புறம் ஜெனரேட்டர் எதற்கு? இப்போது ஸ்பிரிங் இனிஷியலைசர் என்ற இன்னொரு ஜெனரேட்டரில் தொடங்கினால் வெப்.எக்ஸ்எம்எல்லே கிடையாது, இந்தச் சிக்கலும் கிடையாது. பதிலுக்கு, லைப்ரரிகளின் பதிப்புகளையெல்லாம் பேரன்ட் பாம், அதாவது நம் பாம் சார்ந்திருக்கிற வேறொரு பாம் ஃபைல், தீர்மானிக்கிறது. அதைத் திறந்து பார்த்தவர்கள் எங்கள் டீமில் எத்தனை பேர் என்று கேட்டால் சங்கடமாகிவிடும்.

அடுத்த ப்ராஜெக்டை அவன் இனிஷியலைசரில்தான் ஆரம்பித்தான். ஆனால் தன் கோடில் ஒரு வரி சேர்ப்பதற்கு முன்பே, வந்த ஃபைல்களை மட்டும் தனி கமிட்டாக, அதாவது கோடின் வரலாற்றில் தனிப் பதிவாக, போட்டான். ஏன் என்று கேட்டேன். "எது நாம எழுதினது, எது அது எழுதினதுன்னு தெரியணும்ல" என்றான். நல்ல யோசனை என்றேன், இப்போது மற்றவர்களிடமும் அப்படியே செய்யச் சொல்கிறேன். அந்த முதல் கமிட்டை ரிவ்யூவில் படிக்காமல்தான் அப்ரூவ் செய்தேன்.