வரிசையில் நிறுத்திய தளம்

டிமாஸ் (DMOZ) என்று நாங்கள் சுருக்கமாக அழைத்த ஓப்பன் டைரக்டரி, அதாவது இணையதளங்களைத் தன்னார்வலர்கள் பொருள்வாரியாகப் பகுத்துத் தொகுத்த பட்டியல், 2017 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. அதன் தமிழ்ப் பகுப்பில் தன்னார்வத் தொகுப்பாளராக இருந்த காலத்தில் நான் எடுத்த முடிவுகளுள் பெரும்பாலானவை எனக்கே மறந்துவிட்டன. ஒன்றுக்கு மட்டும் இன்னும் எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை சொன்ன விளக்கம் மறுமுறை போதுமானதாகத் தோன்றுவதில்லை.

என் தந்தையின் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தம் ஊரைச் சுற்றியிருந்த கோயில்களில் தாமே படித்து எழுதிக்கொண்ட கல்வெட்டு வாசகங்களை ஜியோசிட்டீஸ் என்ற இணையதளச் சேவையில் ஓர் இலவசத் தளமாக வைத்திருந்தார். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்கு வழங்கிய திஸ்கி (TSCII) எழுத்துருவை இறக்கி நிறுவினால்தான் அதைப் படிக்க முடியும். பக்க அமைப்பு எளிமையானது, படங்கள் மங்கலானவை. ஆயினும் வேறெங்கும் இல்லாத உள்ளடக்கம் அதில் இருந்தது. எங்கள் வழிகாட்டு விதிகள் ஒரு தளத்திடம் முதலில் எதிர்பார்த்ததும் அதைத்தான்: பிற தளங்களில் கிடைக்காத ஏதேனும் ஒன்று. அந்த அளவுகோலின்படி அவருடைய தளத்தைச் சேர்ப்பதில் எந்தத் தடையும் இல்லை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. தொகுப்பாளராக விண்ணப்பிக்கும்போது எந்தப் பகுப்பு வேண்டும், ஏன் வேண்டும் என்பதைச் சொல்லி, அதில் சேர்க்கத்தக்க இரண்டு மூன்று தளங்களுக்குத் தலைப்பும் விவரக்குறிப்பும் எழுதிக் காட்ட வேண்டும். நமக்குத் தொடர்புள்ள தளங்கள் எவையென்றும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். என் முதல் விண்ணப்பத்தைப் பார்த்த மூத்த தொகுப்பாளர், ஒரு தளத்தைப் பற்றி நான் எழுதிய ‘மிகச் சிறந்த’ என்ற அடைமொழியைச் சுட்டிக்காட்டி, தளத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள், அது எப்படி இருக்கிறது என்பதைப் படிப்பவர் முடிவு செய்யட்டும் என்று குறிப்பு அனுப்பினார். அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. இருப்பதை இருப்பதாகச் சொல்லும் இரண்டே வாக்கியங்கள். அலுவலகத்தில் நாள் முழுவதும் விளம்பர மொழியோடு போராடிவிட்டு வீடு திரும்பிய எனக்கு, அந்த இரண்டு வாக்கியங்களை எழுதுவதில் ஒரு மனநிறைவு இருந்தது.

எனக்குக் கிடைத்தது இலக்கியக் கிளை. புதிய தொகுப்பாளர் தமக்கு ஒதுக்கப்பட்ட பகுப்பிலும் அதன் உட்பகுப்புகளிலும் மட்டுமே தளங்களைச் சேர்க்க முடியும். பிற பகுப்புக்கு உரியதென்று கருதும் தளத்தை அந்தப் பகுப்பின் பரிசீலனை வரிசைக்கு அனுப்பிவைக்கலாம், அவ்வளவுதான். தலைமையாசிரியர் ஐயா தம் தளத்தைச் சேர்க்கக் கோரி என் பகுப்பில்தான் பதிந்திருந்தார். நான் அங்கே இருக்கிறேன் என்பதை என் தந்தை அவரிடம் சொல்லியிருந்தார். கல்வெட்டு, வரலாற்றுக்கு உரியது என்று நான் அதை வேறு கிளைக்கு அனுப்பினேன். அந்தக் கிளைக்கு அப்போது தனியாகத் தொகுப்பாளர் எவரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சில மாதங்கள் கழித்து அவர் தொலைபேசியில் கேட்டார். நான் விதிகளை விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, இது உன்னால முடியாத காரியமா, இல்ல, நீ செய்ய விரும்பாத காரியமா? அதை மட்டும் சொல்லிடு” என்றார். “என் பகுப்புல அது வராதுங்க, ஐயா” என்றேன். “சரிப்பா” என்று சொல்லி, என் தந்தையின் உடல்நலத்தைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நான் சொன்ன பதிலில் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. அந்தத் தளத்தில் சில கல்வெட்டுகள் செய்யுள் வடிவில் இருந்தன. அவற்றுக்கு அவர் உரையும் எழுதியிருந்தார். அந்தப் பக்கங்களை மட்டும் இலக்கியக் கிளையில் தனியே சேர்க்க விரும்பியிருந்தால், சேர்த்திருக்கலாம். ஒரு தளத்தின் உட்பக்கங்களைச் சேர்ப்பதை அரிதாகவே செய்ய வேண்டும் என்றுதான் விதி சொன்னதே தவிர, அடியோடு தடுக்கவில்லை. முன்பின் அறியாத ஒருவரின் தளமாக இருந்திருந்தால் நான் அவ்வாறு செய்திருப்பேனா என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். செய்திருப்பேன் என்றே தோன்றுகிறது.

அப்படியானால் அறிமுகமானவர் என்பதற்காக ஒருவருக்கு நான் குறைவாகச் செய்தேன் என்றாகிறது. அது நடுநிலைதானா? அந்தக் காலத்துச் சூழலையும் இங்கே சொல்லியாக வேண்டும். வணிகத் தளங்களைப் பரிசீலிக்கவே யாகூ தன் டைரக்டரியில் ஆண்டுக்கு 299 டாலர் வாங்கிக்கொண்டிருந்தது. எங்கள் டைரக்டரி யாரிடமும் ஒரு காசும் வாங்கவில்லை. தன் தரவு முழுவதையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தும் வைத்திருந்தது. கூகுள் டைரக்டரி அந்தத் தரவைக் கொண்டே இயங்கியது. அதனால் எங்கள் பட்டியலில் இடம்பெறும் ஒரு வரிக்குப் பெரிய மதிப்பு உண்டென்ற நம்பிக்கை பரவியிருந்தது. தொகுப்பாளர்கள் தமக்கு வேண்டியவர்களைச் சேர்க்கிறார்கள், போட்டியாளர்களைத் தள்ளிவைக்கிறார்கள், பணமும் வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டுகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. நாங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் எங்கள் பெயரோடு பதிவாகும். பிற தொகுப்பாளர்கள் அதைப் பார்க்கலாம். அந்தப் பதிவேட்டில் ஒரு வரிகூடக் கேள்விக்குரியதாக இருக்கக் கூடாது என்று நான் நினைத்ததை இன்றும் தவறென்று சொல்ல மாட்டேன். ஊதியம் இல்லாத ஒரு பணியில், நம்பிக்கை ஒன்றுதான் நம்மிடம் ஒப்படைக்கப்படுகிறது.

இருந்தாலும், என் பதிவேட்டின் தூய்மைக்காக அவர் காத்திருந்தார் என்ற உண்மையும் கூடவே நிற்கிறது. காத்திருந்தது நானல்ல. தொடர்புள்ள தளங்களைச் சொல்லுங்கள் என்று விண்ணப்பத்தில் கேட்டது, அவற்றைத் தொடாதீர்கள் என்பதற்காக அல்ல. தம் சொந்தத் தளத்தைக்கூடத் தொகுப்பாளர் சேர்க்கலாம். மற்றத் தளங்களை எந்த அளவுகோலால் அளக்கிறாரோ, அதே அளவுகோலால் அதையும் அளக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அதே அளவுகோல் என்றால் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இரண்டாவது பாதியை நான் போதிய கவனத்தோடு படிக்கவில்லையோ என்ற எண்ணம் வருகிறது. உடனே, அறிமுகமானவரின் தளத்தை அளக்கும்போது நம் கை எந்தப் பக்கம் சாய்கிறதென்று நமக்கே தெரியாதே, விலகி நிற்பதைத் தவிர வேறு வழி ஏது என்ற மறுப்பும் வருகிறது.

பிறகு, எல்லாப் பகுப்புகளிலும் பணியாற்றும் அனுமதி பெற்ற ஒரு மூத்த தொகுப்பாளர் தேங்கிக் கிடந்த வரிசையைப் பார்வையிட்டபோது அந்தத் தளம் சேர்க்கப்பட்டது. ஐயாவிடம் சொன்னேன், மகிழ்ச்சி என்றார். அதனால் வாசகர்கள் கூடியதாக அவர் ஒருபோதும் சொல்லவில்லை. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டதும் தளமும் போயிற்று. தாமதத்தால் அவருக்குப் பெரிய இழப்பு எதுவும் நேரவில்லை என்று இதைக்கொண்டு நான் ஆறுதல் அடையலாம். ஆனால் அவர் என்னிடம் கேட்டது வாசகர் எண்ணிக்கையைப் பற்றி அல்லவே.

இடையில் ஒருநாள் அவர் தம் பழைய மாணவர் ஒருவரின் தளத்தைப் பற்றி எனக்கு மடல் எழுதியிருந்தார். நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி வைத்திருந்த தளம் அது. “இதை நீ சேர்க்க வேண்டாம், முறைப்படி வரிசைக்கு அனுப்பினால் போதும்” என்று கடைசியில் ஒரு வரி. என் நிலையைப் புரிந்துகொண்டு எழுதினாரா, வருத்தத்தில் எழுதினாரா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை; கேட்கவும் இல்லை. அவர் சொன்னபடியே உரிய கிளைக்கு அனுப்பினேன். அதோடு, தொகுப்பாளர்களுக்குள் பேசிக்கொள்ளும் இடத்தில், அனுமதி உள்ளவர் எவரேனும் இந்தத் தளத்தை விரைவில் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு வேண்டுகோளும் வைத்தேன். சில நாள்களிலேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது. அந்த மாணவரை எனக்குத் தெரியாது என்பதால் அவருக்காகக் கேட்க என்னால் முடிந்தது. ஐயாவின் தளம் அதே போன்றதொரு வரிசையில் கிடந்தபோதும் அந்த வேண்டுகோளுக்கு எந்த விதியும் தடையாக இருந்ததில்லை.