பொதிகை உச்சியில் ஒரு கை தண்ணீர்

பாபநாசத்தில் தாமிரபரணியில் முங்கி எழுந்ததும் ஆச்சி மேற்கே திரும்பி ஒரு கும்பிடு போடுவாள். “அங்கதான்யா அகத்தியர் இருக்கார்.” எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆறு பிறக்கிற பொதிகை அது. ஆனால் அதன் உச்சியான, 1,868 மீட்டர் உயர ‘அகத்தியர்கூடம்’ சிகரத்துக்குப் போக, திருவனந்தபுரம் பக்கம் சுற்றிப் போய், கேரள வனத்துறையிடம் முன்பதிவு செய்து, போணக்காட்டிலிருந்து நடக்க வேண்டும்.

ஜனவரியில் கிளம்பினேன். “ஒரு கட்டி ஏத்திட்டு வாய்யா” என்று ஆச்சி சூடப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டாள். சோதனைச் சாவடியில் பூஜைப் பொருளுக்கு அனுமதி இல்லை என்று அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மனசு வலித்தது. புல்மேட்டைக் கடக்கும்போது, காய்ந்து கிடந்த புல்லைப் பார்த்ததும் அவர்கள் செய்தது சரிதான் என்று பட்டது.

முதல் நாள் முழுக்கக் காடு. கரமனையாறு, அட்டையாறு என்று ஓடைகள். கடைசியில் முட்டிடிச்சான் தேரி. முழங்கால் முகத்தில் இடிக்கிற ஏற்றம், பெயரே சொல்லிவிடுகிறது. அதிருமலை முகாமைச் சுற்றி யானை வராமலிருக்க அகழி வெட்டியிருக்கிறார்கள். ராத்திரிக் கஞ்சியும் பயறும் அமுதமாக இருந்தன.

மறுநாள் பொங்காலைப் பாறை தாண்டியதும் மரங்கள் குட்டையாகிவிட்டன. அப்புறம் வெறும் பாறை, கயிறு. கயிறு பனியில் நனைந்து கனத்திருந்தது. ஒவ்வொரு பிடிக்கும் “அகத்தீசா” என்றேன்.

உச்சியில் கோபுரமில்லை, மணியில்லை. காற்று ஆளைத் தள்ளுகிறது. சிறு மரங்களின் நிழலில் கல்லாக நிற்கிறார் குறுமுனி. சிவன் கல்யாணத்துக்கு எல்லோரும் வடக்கே கூடியபோது, உலகம் சாயாமலிருக்கத் தெற்கே வந்தவர். அந்தக் கல்யாணக் கோலத்தைப் பாபநாசத்தில் வைத்தே அவருக்குக் காட்டினான் சிவன் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. மூடுபனி விலகிய இரண்டு நிமிடம் கிழக்கே எங்கள் பக்கத்து மலைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அழுதுவிட்டேன்.

எவர்சில்வர் பாட்டிலில் பாபநாசத்துத் தண்ணீர் மிச்சமிருந்தது. உள்ளங்கையில் ஊற்றி அவர் பாதத்தில் விட்டேன். கல்லில் ஒரு கோடாக இறங்கி, பாசியில் ஊறிப்போனது.

இறங்கி வந்தபோது பொட்டலத்தைத் திருப்பித் தந்தார்கள். ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. அதை வாங்கிப் பிரித்து, வாசல்படியில் மேற்கே பார்க்க ஒரு கட்டியை ஏற்றினாள்.