சி ஷெட்யூல், 60 சென்ட்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாலக்கோட்டிலிருந்து சின்னம்மா போன் செய்தார். "கண்ணு, பொண்ணுங்களுக்கும் சொத்துல சம பங்குன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சாமே. வாட்ஸ்அப்புல வந்துச்சு. நீ கோர்ட்டுலதான இருக்க, என்னன்னு பாரு."

நான் கோர்ட்டில் இல்லை. தருமபுரியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். சின்னம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவருக்கு வந்தது 2020 ஆகஸ்ட் 11-ல் சொன்ன வினீதா சர்மா தீர்ப்பு. நேற்று வந்ததுபோல இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தீர்ப்புகளை முழுதாகப் படிக்கும் பழக்கம் எனக்கு வாச்சாத்தி கேஸில்தான் வந்தது. 1992-ல் வாச்சாத்தி மலைக்கிராமத்து மக்களை வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் கொடுமைப்படுத்திய கேஸ் அது. 2011 செப்டம்பர் 29-ல் எங்கள் ஊர் கோர்ட்டில் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2023-ல் அதே செப்டம்பர் 29-ல், தண்டிக்கப்பட்டவர்கள் போட்ட அப்பீல்களை ஹைகோர்ட் தள்ளுபடி செய்தது. டீக்கடை டி.வி.யில் 'வாச்சாத்தி... தள்ளுபடி' என்று ஓடியதைப் பார்த்துவிட்டு, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் "அப்ப எல்லாரையும் விட்டுட்டாங்களா?" என்று கேட்டார். தள்ளுபடி ஆனது யார் போட்ட மனு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். அன்று இரவே தீர்ப்பை இறக்கிப் படித்தேன். நீதிபதி நேரில் வாச்சாத்திக்குப் போய் வந்தது, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆளுக்கு 10 லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கச் சொன்னது எல்லாம் அதில்தான் தெரிந்தது.

சரி, சின்னம்மா விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸ் குமாஸ்தா அண்ணன் எந்தச் சொத்துத் தீர்ப்பையும் கையில் எடுத்ததும் தேதிகளைத் தனித்தாளில் எழுதிக்கொள்வார். நானும் எழுதினேன். சின்னம்மா கல்யாணம் 1983. 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான மகள்களுக்குத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் பூர்வீகச் சொத்தில் பங்கு கிடையாது. 2005-ல் மத்தியச் சட்டத்தில் வந்த திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்றது 2020 தீர்ப்பு. இதுவரை சின்னம்மா பக்கம்தான்.

ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அந்த 2005 திருத்தம் தொடாது. வாய்மொழியாகப் பிரித்தோம் என்று சும்மா சொன்னால் கோர்ட் லேசில் ஏற்காது. பதிவுப் பத்திரம் இருந்தால் கதை வேறு. எங்கள் தாத்தா 1996-லேயே இரண்டு மாமன்களோடு உட்கார்ந்து பதிவு செய்துவிட்டார்.

இதை எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம் பத்திர நகலை எடுத்துக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். முத்திரை மை ஊறி எழுத்துகள் மங்கியிருந்தன. யாருக்கு எந்தச் சொத்து என்ற பட்டியல்தான் ஷெட்யூல். ஏ ஷெட்யூல் பெரிய மாமனுக்கு, பி சின்ன மாமனுக்கு. அதற்குக் கீழே சி ஷெட்யூல்: 60 சென்ட், கிணறு, ஒரு புளியமரம், தாத்தா தன் பங்காக வைத்துக்கொண்டது. அவர் 2009-ல் இறந்தார், உயில் எழுதவில்லை. பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். அப்படியானால் அந்த 60 சென்ட் நான்கு பிள்ளைகளுக்கும் சமம். இதற்கு 2020 தீர்ப்பு வேண்டாம், 2005 திருத்தமும் வேண்டாம். 1956-ல் வந்த வாரிசுரிமைச் சட்டமே போதும். வக்கீல் சாரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஷெட்யூலை இரண்டு முறை படித்தார். "சரிதாம்மா. உயில் ஏதாவது முளைக்குதான்னு மட்டும் பாத்துக்கோ."

சின்னம்மாவிடம் சொன்னேன். "15 சென்ட்டா?" என்று கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கிணறு நம்ம பக்கம் வருமா கண்ணு?" என்றார். கிணற்றில் இரண்டு மாமன்களுக்கும் தண்ணீர் பாத்தியம் எழுதியிருக்கிறது என்று சொன்னேன். தக்காளிக்கு அந்தத் தண்ணீர் போதுமா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

நான்கு பிள்ளைகளில் என் அம்மாவும் ஒருத்தி. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பொங்கலுக்குப் பெரிய மாமன் சீர் கொண்டு வருவார்.