குட்டியின் பற்று வரவு

நான் கற்றுக்கொண்டதெல்லாம் மாட்டு வைத்தியம். காரைக்குடியில் கிளினிக் போட்ட புதிதில் பூனையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் மாதத்துக்கு இரண்டு பேர் தேறினாலே அதிகம். மாட்டில் ஒரு வசதி, செலவு எவ்வளவு, மாட்டின் விலை எவ்வளவு என்று உடையவரே மனதுக்குள் கணக்குப் போட்டு முடிவையும் சொல்லிவிடுவார். 17 வயதுப் பூனைக்கு எந்தக் கணக்கைப் போடுவது?

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவரின் பூனை அது. பெயர் குட்டி, கிழமான பிறகும் குட்டிதான். முதல் தடவை வந்தபோதே ஆச்சி சொன்னார், "அண்டாவுல வாயை வச்சா எடுக்க மாட்டேங்குது தம்பி." சித்திரை வெயில், குடிக்கத்தான் செய்யும் என்று அனுப்பிவிட்டேன். பெரிய தப்பு. வயதான பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் முதலில் சிறுநீரகத்தைச் சந்தேகப்பட வேண்டும். அது முக்கால்வாசி கெட்ட பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறும் என்பதால் எப்படியும் தாமதம்தான், ஆனால் அதற்கு மேல் இரண்டு மாதம் போனது என்னால். 1.6-க்குள் இருக்க வேண்டியது 6.2 இருந்தது.

குணமாகாது, உடம்பு வறளாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 100 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர், பிடரித் தோலைத் தூக்கி அதன் அடியில். ஒரு வாரத்தில் ஆச்சியே குத்தக் கற்றுக்கொண்டார். பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் குட்டி நெளியாது என்பதை நான் சொல்ல மறந்திருந்தேன், அவரே கண்டுபிடித்திருந்தார். (உடம்பு சுடுகிறதே என்று யாரோ பாராசிட்டமால் பாதி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பூனைக்கு அது விஷம். அட்டையோடு வாங்கி வந்துவிட்டேன்.)

சாப்பாட்டில்தான் எங்களுக்குச் சண்டை. சிறுநீரக நோய்க்கென்று விற்கும் விலை உயர்ந்த தீனியைக் குட்டி மோந்துவிட்டு நகர்ந்துவிடும், ஆச்சி நெத்திலி அவித்துக் கொடுப்பார். மீனில் இருக்கும் பாஸ்பரஸ் கெட்ட சிறுநீரகத்துக்கு ஆகாது, அது இது என்று சொல்லிப் பார்த்தேன். அப்புறம் பட்டினி கிடப்பதற்கு நெத்திலி மேல் என்று நானே இறங்கி வந்தேன்.

ஆச்சி ஒரு நோட்டுப் போட்டிருந்தார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. நெத்திலி நாலு, முற்றத்து வெயிலில் படுத்தது, மடியில் ஏறியது எல்லாம் வரவு. வாந்தி, வாய்ப்புண், தூணுக்குப் பின்னால் ஒளிந்தது எல்லாம் பற்று. நான் படித்த காலத்தில் இப்படி ஒரு கேஸ் ஷீட்டைப் பார்த்ததில்லை. சிங்கப்பூரிலிருந்து மகன் வீடியோவில் வந்து சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னபோது, நோட்டைக் கேமராவுக்கு நேரே காட்டினாரே தவிர வாதாடவில்லை.

ஐந்தாவது மாதம் போன் வந்தது. "நாலு நாளா வரவுப் பக்கம் வெறுமனே கெடக்கு தம்பி. ஊசியை எடுத்துக்கிட்டு வந்துருங்க." அந்தப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தவன் நான்.

வளவில் ஆத்தங்குடிக் கல் மேல் பழைய கண்டாங்கிச் சேலையை மடித்துப் போட்டிருந்தார். முதலில் மயக்க ஊசி, அது தூங்கிய பிறகுதான் மற்றது. ஆச்சியின் கை கடைசி வரை அதன் நெற்றியில் இருந்தது. நான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துத் தலையசைத்ததும் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார்.

"ஒங்க பீஸு எவ்வளவு தம்பி?"

வேண்டாம் ஆச்சி என்றேன். "கணக்கு முடிக்கணும்ல" என்றார். சொன்னேன். பற்றில் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தார்.