வேலை கிடைக்காத மாதத்துக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில், நன்றி சொல்லிக் காரணத்தை எழுதிக் கவரில் போடும் ஸ்தோத்திரக் காணிக்கைகளை ஞாயிறு ஆராதனையின் நடுவே வாசிப்பார்கள். மகனுக்கு வேலை கிடைத்ததற்காக, சுகப்பிரசவத்துக்காக, வீடு கட்டி முடித்ததற்காக. கிடைக்காததற்கு யாரும் கவர் போட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வந்து இறங்கினோம்.

ஊரில் வருடக்கணக்காகக் கணக்கெழுதிய என் வீட்டுக்காரருக்கு இங்கே திரும்பத் திரும்பக் கிடைத்த பதில், ‘கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இல்லையே’ என்பதுதான். (25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் விளம்பரத்தில் அதைக் கேட்கக் கூடாது என்று ஒன்டாரியோவில் 2026 ஜனவரி முதல் சட்டம். எங்களுக்கு அது பிந்திவிட்டது.) அவர் இரவில் வேர்ஹவுஸில் பெட்டி தூக்கினார். குடியிருந்தது பேஸ்மென்ட். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். பனி கொட்டினால் தரையோடு ஒட்டிய அந்த ஒரே ஜன்னலும் மூடிக்கொள்ளும்.

கை கடித்தபோது, இல்லாதவர்களுக்கு உணவுப்பொருள் இலவசமாகக் கொடுக்கும் ஃபுட் பேங்குக்குப் போனேன். ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. டின்னில் அடைத்த கொண்டைக்கடலை, டூனா, வேர்க்கடலை வெண்ணெய், மக்ரோனிப் பெட்டி. கடலையைக் கழுவி, மிச்சமிருந்த சாம்பார்ப் பொடியைப் போட்டுக் குழம்பு வைத்தேன். சாப்பாட்டுக்கு முன் வழக்கம்போல என் மகள் ஜெபித்தாள். எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

அப்போதுதான் தமிழ்ச் சபையில் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் பழக்கமானார். கடவுள் செய்த நன்மையைச் சபை முன் சாட்சியாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை என்று ஒருநாள் அவரிடம் புலம்பினேன். போரால் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரை விட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வைப் பற்றி அவர் சொன்னார். “பிள்ளை, வலிகாமத்த விட்டு வெளிக்கிட்ட நேரம் ஒரே மழை. நாவற்குழிப் பாலத்தில சனம் நகரவே இல்லை. அதுக்குள்ளயும் அம்மா ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் எண்டு சொல்லிக்கொண்டு வந்தவ. எனக்குச் சரியான கோவம். பிறகுதான் விளங்கினது, அவ விழுந்துபோகாம அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நடந்தவ எண்டு.”

ஆபகூக் தீர்க்கதரிசியின் மூன்றாம் அதிகாரம் சின்ன வயதில் மனப்பாட வசனம். அன்றிரவு மறுபடி வாசித்தேன். அத்திமரம் துளிர்க்கவில்லை, வயல் விளையவில்லை, தொழுவத்தில் மாடு இல்லை. இல்லாததையெல்லாம் ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்லி முடித்த பிறகுதான் ‘நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்’ என்கிறார். ஒரு குறையையும் அவர் மறைக்கவில்லை. எல்லாம் நன்மைக்கே என்று போனில் நமக்கு ஆறுதல் சொல்கிறவர்கள் இந்த அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்கலாம்.

அடுத்த ஞாயிறு ஐந்து டாலரைக் கவரில் வைத்து, ‘இன்னும் வேலை கிடைக்கவில்லை, இந்த மாதமும் சாப்பிட்டோம்’ என்று எழுதிப் போட்டேன். போதகர் அதை அப்படியே வாசித்தார். ஆராதனை முடிந்ததும் இரண்டு குடும்பங்கள் வந்து எங்களுக்கும் இதே நிலைதான் என்றார்கள். அதுவரை ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் ‘நல்லாயிருக்கோம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

அந்த வசந்தத்தில் அப்பா இறந்தார். டிக்கெட்டுக்குப் பணமில்லை. அடக்க ஆராதனையை வாட்ஸாப்பில் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் சிக்னல் போய்விட்டது. இதற்கு என்னால் ஸ்தோத்திரம் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியாது. அப்பா இருந்ததற்காகச் சொல்கிறேன், அவ்வளவுதான். கடவுள் அதற்குமேல் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்காரருக்கு ஒருவழியாக ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்கு வேலை கிடைத்தது. அதற்கும் கவர் போட்டோம், ஊர் வழக்கப்படி.

கனடாவில் தேங்க்ஸ்கிவிங் அக்டோபர் இரண்டாம் திங்கள். 1957-இல் நாடாளுமன்றம் அந்த நாளை நிலைப்படுத்தியது. அதையொட்டி வரும் ஞாயிறில் பல தேவாலயங்களில் பூசணி, ஆப்பிள், சோளக்கதிரோடு டின்களையும் பீடத்தருகே அடுக்குகிறார்கள். நம் ஊர் அறுப்பின் பண்டிகையேதான். காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடுவது மட்டும் கிடையாது. ஒரு முட்டையை வீம்புக்கு ஏலம் கேட்டு ஆயிரத்தில் கொண்டுபோய் நிறுத்தும் ஆட்களும் இல்லை. டின்களெல்லாம் ஃபுட் பேங்குக்குப் போகும். மைசூர்ப் பருப்பு, சோனா மசூரி, ஒரு பாக்கெட் சாம்பார்ப் பொடி என்று நான் ஒரு பை கொடுத்தேன். பொறுப்பாக நின்ற வெள்ளைக்கார அம்மா பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு இதை எதில் போடுவது என்று கேட்டார். கொண்டைக்கடலையில் என்றேன்.