பிரிக்கப்படாத முதல் உறை

பிறந்தவுடன் மூச்சு விடாத குறைமாதக் குழந்தைகளுக்கு கையால் அழுத்திக் காற்றூட்டும் ஆம்பு பை ஏற்றதா, வாயு இணைப்பின் மூலம் காற்றூட்டும் டி-பீஸ் கருவி ஏற்றதா என்று ஒப்பிடும் எங்கள் ஆய்வுக்கு ஒருவழியாக நெறிமுறைக் குழுவின் அனுமதியும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவும் கிடைத்துவிட்டன. ஆய்வுத் திட்டம் எழுதுவதில் சிரமம் இல்லை. தமிழ் ஒப்புதல் படிவத்தில்தான் வழுக்கினேன்.

‘சமவாய்ப்பு ஒதுக்கீடு’, ‘மூச்சிறுதி நேர்மறை அழுத்தம்’ என்றெல்லாம் எழுதியிருந்த அந்தப் படிவத்தை, நெறிமுறைக் குழுவில் இருந்த மருத்துவரல்லாத உறுப்பினர் உரக்கப் படித்துவிட்டு, தமக்கே விளங்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். அன்று எனக்குக் கோபம்தான். மறுநாள் பேறுகால வார்டில் ஒரு ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். “அப்போ எங்க பிள்ளைக்குச் சீட்டுக் குலுக்கியா பாக்கப் போறிய?” என்றார். இரண்டுமே வழக்கத்தில் உள்ளவை. ஆம்பு பை வாயு இணைப்பு இல்லாமலும் இயங்கும். டி-பீஸுக்கு அழுத்தமுள்ள வாயு வேண்டும், ஆனால் மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரல் சுருங்கிவிடாமல் அது தாங்கும். நம் குழந்தைகளுக்கு எது மேல் என்று தெரியாததால்தான் சீட்டு. ஆச்சிக்குச் சொன்ன இந்த விளக்கத்தையே படிவமாக்கினேன், குழு ஏற்றுக்கொண்டது. மூச்சில்லாத குழந்தைக்கு முதல் 1 நிமிடத்திற்குள் காற்றூட்டம் தொடங்க வேண்டும் என்பதால், வலி முற்றுமுன், தாய் வார்டில் சேர்ந்தவுடனேயே ஒப்புதல் கேட்பது என்றும் முடிவானது.

பிறகு வந்தது அலுவலகக் கூத்து. ஆய்வுத் தலைப்பில் ‘35 வாரம் நிறையாத’ என்றிருக்க, அனுமதிக் கடிதத்தில் ‘34’ என்று தட்டச்சாகியிருந்தது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்தாக வேண்டும். அவர்களோ தலைப்பு பொருந்தவில்லை என்று விண்ணப்பத்தை நிறுத்திவைத்தார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து பேருந்து பிடித்துத் திருநெல்வேலி போனால், நெறிமுறைக் குழுச் செயலர் விடுப்பு, திங்கட்கிழமை வாருங்கள் என்றார் எழுத்தர். திங்கட்கிழமை போனால், மூலக் கடிதம் எங்கே என்றார். என் கையில் இருந்தது நகல். முதல் நாளே அதைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? மூன்றாம் முறை போனபோது, ஓர் எண்ணைத் திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அனுமதிக் கடிதம் வாங்குபவர்கள் அந்த மேசையை விட்டு நகருமுன் தலைப்பை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மூலக் கடிதத்தை வீட்டில் வைக்காதீர்கள்.

பதிவு எண் வந்த வாரமே ஒரு தாய் கையொப்பமிட்டார். எந்தக் கருவி என்று சொல்லும் சீட்டை வைத்து மூடிய உறையும் இரண்டு கருவிகளும் தயாராக இருந்தன. குழந்தை துணியால் துடைத்தவுடனே வீரிட்டு அழுதது. உறையைப் பிரிக்காமல் பெட்டியில் திரும்ப வைத்தேன்.