வில்லங்கச் சான்றில் வராத பாட்டி

வீடு வாங்கி, பத்திரப்பதிவு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை ஏழு மாதம் இழுத்தது. யார் மேல் கோபப்படுவது என்று கேட்டால், முதலில் என் மேல்தான்.

"டாக்குமென்ட் எல்லாம் பக்கா சார், இன்னொரு பார்ட்டியும் கேட்டுக்கிட்டிருக்காங்க" என்றார் புரோக்கர். வக்கீலிடம் ஒரு தாளைக்கூடக் காட்டாமல் ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அந்த இன்னொரு பார்ட்டியை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

வீட்டை 1987இல் வாங்கியவர் 2004இல் காலமாகிவிட்டார். உயில் இல்லை. மனைவி, மகன், மகள் மூவரும் சேர்ந்து விற்கிறார்கள். வாரிசுச் சான்றிதழில் அந்த மூன்று பேர், பட்டாவிலும் அதே மூன்று பேர். விலை 60 லட்சம். இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

முதலில் ஈசி, அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று. 1975க்குப் பிந்தைய பதிவுகளைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பட்டாவில் இருந்த நகர நில அளவை எண்ணைப் போட்டுத் தேடினேன். ஒரு பதிவும் இல்லை என்று வந்தது. வில்லங்கமே இல்லாத வீடு என்று அதை எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேறு போட்டேன். வக்கீல் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, இவங்க அப்பா 1987ல வாங்கின கிரயம் இதுல எங்கே?"

அதுவே காணோம் என்றால், நான் தேடியதே தப்பு. பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே எண். நகர அளவை வந்தபோது புது எண் கொடுத்துவிட்டார்கள். பழைய எண்ணைப் போட்டதும் 1987 கிரயம் வந்தது. கூடவே 1996இல் ஒரு அடமானமும் வந்து நின்றது. விற்பவர் வாங்கிய பத்திரமே தென்படாத ஈசியைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள்.

கடனை 2002லேயே கட்டி முடித்துவிட்டார்கள். அசல் பத்திரமும் கையில் இருக்கிறது. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதை யாரும் பதிவு செய்யவில்லை. ஈசியைப் பொறுத்தவரை வீடு இன்னும் அடமானத்தில்தான். கடன் கொடுத்த வீட்டு வசதிச் சங்கத்துக்கு நானும் விற்பவரான அந்த மகனும் நான்கு முறை அலைந்தோம். செயலாளர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். முதல் செவ்வாய் அரசு விடுமுறை. அடுத்த செவ்வாய் லெட்ஜர் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் செயலாளர் மீட்டிங்கில். "கட்டி முடிச்சு இருபது வருஷம் ஆச்சே, இப்ப எதுக்கு சார்?" என்று டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார் அங்கிருந்த எழுத்தர். நான்காவது முறை போகும்போது, வீட்டுப் பீரோவில் கிடந்த கடன் முடிந்த கடிதத்தை எடுத்துப் போனோம். ஓரத்தில் லெட்ஜர் பக்க எண் எழுதியிருந்தது. பத்தே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்தை முதல் நாளே தேடியிருக்கலாம்.

ரசீதைப் பதிவு செய்து, புது ஈசியோடு வக்கீல் முன்னால் உட்கார்ந்தேன். அவர் வாரிசுச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவரோட அம்மா எப்ப இறந்தாங்க?"

"யாரோட அம்மா சார்?"

"வீட்டை வாங்கினவரோட அம்மா. இப்ப விக்கிறவருக்குப் பாட்டி."

அங்கிருந்தே போன் போட்டேன். "பாட்டியா? அவங்க போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சே, 2009ல" என்றார் விற்பவர். வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒருவர் சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. 2004இல் மகன் இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்திருக்கிறார். ஆக, பங்கு மூன்று அல்ல, நான்கு. பாட்டியும் உயில் எழுதவில்லை. 2009இல் அவர் இறந்ததும் அவருடைய கால் பங்கு இந்த மூன்று பேரிடமே தங்கிவிடாது. அவருடைய பிள்ளைகளுக்குப் பிரியும். இறந்த மகனின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒரு பாகம், இரண்டு மகள்களுக்கு ஆளுக்கொரு பாகம். அதாவது, விற்பவரின் இரண்டு அத்தைகளுக்கும் வீட்டில் தலா பன்னிரண்டில் ஒரு பங்கு இருக்கிறது. 60 லட்சத்தில் ஆளுக்கு 5 லட்சம்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கியது 2015இல். அப்போது பாட்டி இல்லையே என்று பெயரை விட்டுவிட்டிருக்கிறார்கள். சான்றிதழ் வாங்கிய தேதியில் யார் இருக்கிறார்கள் என்பதா கணக்கு? சொத்துக்காரர் கண்ணை மூடிய அன்று யார் இருந்தார்கள் என்பதுதான். ஈசியில் இது எந்தக் காலத்திலும் வராது. பதிவான பத்திரம்தான் அதில் ஏறும். "பட்டாவில எங்க பேருதானே சார் இருக்கு" என்று விற்பவர் வாதாடிப் பார்த்தார். பட்டாவை வைத்து உரிமை வந்துவிடாது என்று வக்கீல் முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் பத்திர எழுத்தர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "இதையெல்லாம் யாரு சார் கேக்கப் போறா, விடுங்க" என்றார். பொய் சொல்லவில்லை, இரண்டு நாள் எனக்கும் சபலம்தான். வக்கீலிடம் மெதுவாகச் சொன்னேன். "கேட்டா?" என்றார். அவ்வளவுதான்.

பாட்டியின் இறப்புச் சான்றுக்கு ஒரு நாள் வீண். அவர் வாழ்ந்த ஊர் நகராட்சியில் பதிவேட்டைப் புரட்டவைத்தோம், பெயர் இல்லை. கடைசியில்தான் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இறந்தது ஞாபகம் வந்தது. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். அப்புறம் பாட்டிக்கு வாரிசுச் சான்றிதழ்: இ-சேவை மையம், விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார். அதில் இரண்டு மாதம் போனது.

பெரிய அத்தையோடு விற்பவருக்குப் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நானும் கூடப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷமா எனக்குப் பங்கு இருக்குன்னு ஒருத்தனும் சொல்லலையேடா" என்றார் அந்த அம்மா. சண்டை வரும் என்று பயந்தேன். அவர் உள்ளே போய் ஆதார் அட்டையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார், மருமகன் கையில் இல்லை.

பங்கை விட்டுக்கொடுப்பதாக அத்தைகளிடம் விடுதலைப் பத்திரம் வாங்கலாமா என்று யோசித்தோம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு உள்ள முத்திரைத்தீர்வைச் சலுகை அத்தை, மருமகன் உறவுக்கு வராது என்றார் வக்கீல். அதனால் கிரயத்திலேயே ஐந்து பேரும் விற்பவர்கள். பணமும் அவரவர் பெயரில் தனித்தனி டிடி.

ஐந்து விற்பவர்கள் என்றால், விலையில் பிடித்து வருமான வரியாகக் கட்டும் டிடிஎஸ்ஸும் ஐந்து. 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் வீட்டுக்கு வாங்குபவர்தான் 1% பிடித்துக் கட்ட வேண்டும். ஆளுக்கு 5 லட்சம்தானே என்று அத்தைகளை விட்டுவிட முடியாது. 2024 அக்டோபரிலிருந்து மொத்த விலைதான் கணக்கு. சின்ன அத்தையின் பான், ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்து கிடந்தது. அப்படியே விட்டிருந்தால் 1% அல்ல, 20% பிடித்திருக்க வேண்டும். நல்லவேளை, படிவம் நிரப்புவதற்கு முன்பே கவனித்து, அபராதம் 1,000 ரூபாய் கட்டி இணைத்தோம்.

முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%, ஆன்லைனில் கட்டி டோக்கன் வாங்கியதில் சிக்கல் இல்லை. பதிவன்று பெரிய அத்தையின் கைரேகைதான் மூன்று முறை விழவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். நான்காம் முறை பச்சை விளக்கு எரிந்ததும் எனக்குத்தான் மூச்சு வந்தது.

வாசலில் புரோக்கர் கமிஷனுக்கு நின்றார். "நான் அப்பவே சொன்னேன்ல சார், டாக்குமென்ட் பக்கான்னு."